அப்பா போட்ட புள்ளிகள்

பிரியா – 5.

பக்கத்திலேயே அப்பாவின் சாய்ந்த எழுத்தில் ஒரு குறிப்பு: “பாட்டு நல்லா இருக்கு. வாத்தியம் எல்லாம் ஒன்னு மேல ஒன்னு ஏறி நிக்குது.”

நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி அது. கண்டி கொழும்பு வீதியில் வானொலிப் பெட்டியும் இசைத்தட்டும் விற்ற ஒரு கடையில் அப்பா இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தார். 1961 தொடக்கம் 1983 வரை கடைக்கு வந்த தட்டுகளில், தான் முழுதாகக் கேட்டவற்றுக்கெல்லாம் பத்துக்கு இத்தனை என்று இந்தக் கொப்பியில் புள்ளி போட்டு வைத்திருக்கிறார். முதலாளி சொல்லிச் செய்த வேலையல்ல. முதல் நாள் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் அறிவிப்பாளர் மயில்வாகனம் போட்ட பாட்டைக் கேட்டுவிட்டு, மறுநாள் தோட்டத்து லொறியில் வந்து இறங்கி, “அண்ணே, இத வாங்கலாமா?” என்று கேட்பவர்கள் இருந்தார்கள். ஒரு தட்டின் விலை அவர்களுக்குச் சின்னக் காசு இல்லை. அவர்களிடம் பொய் சொல்லி விற்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் புள்ளிகள்.

மொத்தம் 318 பதிவுகள். கட்டுகலையில் எங்கள் வீட்டு அலுமாரியில் இன்று மிஞ்சியிருப்பவை 126 தட்டுகள். கணித ஆசிரியையாக 33 வருஷம் விடைத்தாள் திருத்தியவள் நான். போன ஐப்பசி மழை தொடங்கியதும் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தட்டு. அப்பாவின் புள்ளிக்குப் பக்கத்தில் என் புள்ளி.

இசைத்தட்டைக் கையில் தொட்டுப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தட்டு என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அது மூன்று வகை. முதலாவது நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றும் பழைய தட்டு. பக்கத்துக்கு மூன்று நிமிஷம், ஒரு பாட்டோடு சரி. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் கொண்டுவந்தது எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேலும் ஓடும். அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. விக்டர் சின்ன 45 தட்டை வெளியிட்டது. எல்.பி.யும் 45உம் பெரும்பாலும் வைனில் என்ற பிளாஸ்டிக். விழுந்தால் உடையாது, வெயில் பட்டால் நெளியும். 78 விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். அது அரக்கு.

பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தப் பார்த்த மாளிகையின் அதே அரக்குத்தான். மரக்கிளையில் ஒட்டி வாழும் சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். மாத்தளைப் பக்கம் ஹபுவிதவில் கைவினைக் குடும்பங்கள் அதை உருக்கி, இழையாக இழுத்து, நகத்தால் அழுத்தி, பிரம்பிலும் பெட்டியிலும் சிவப்பும் மஞ்சளுமாக வரி போடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிசினோடு கல்மாவும் கரியும் கலந்து அச்சில் அழுத்தினால் கே.பி. சுந்தராம்பாள் பாடுவார் என்பது இந்த வயதிலும் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு எச்சரிக்கை: அரக்குத் தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். மதுசாரத்தில் அரக்கு கரையும். வைனில் தட்டுக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றிலும் மதுசாரம் உண்டு.

முதல் வாரம் 78களில் தொடங்கினேன். அப்பா அவற்றுக்கு ஒன்பதும் பத்துமாக அள்ளிக் கொடுத்திருந்தார். எனக்கோ மழை நேரத்தில் தகரக் கூரைக்குக் கீழே யாரோ பாடுவதுபோல் கேட்டது. சுந்தராம்பாளுக்கு 4 போட்டேன். போடும்போதே கை கூசியது.

கட்டுகஸ்தோட்டையில் வானொலியும் அம்பிளிபயரும் திருத்துகிற கடை வைத்திருப்பவர் என்னிடம் படித்தவர். சுழல்மேடையைப் பார்க்க வந்தவர் ஒரு தட்டைப் போட்டுப் பத்து விநாடி கேட்டார். “டீச்சர், பிழை தட்டுல இல்ல. ஊசியில.”

78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கான ஊசியின் நுனி எல்.பி. ஊசியின் நுனியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். நான் எல்.பி. ஊசியை வைத்தேன். அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் இறங்கி, அறுபது வருஷ அழுக்கை உரசிக்கொண்டு ஓடியிருக்கிறது. நான் கேட்டது அழுக்கின் சத்தம். சரியான ஊசி வந்து சேர ஆறு கிழமை ஆனது. அதே தட்டை மறுபடி போட்டேன். இரைச்சல் முழுதாகப் போகவில்லை; ஆனால் அதற்கு முன்னால் ஒரு குரல் எழுந்து நின்றது. மேல்ஸ்தாயியில் பிசிறில்லாமல் நின்ற அந்தக் குரலுக்கு 4 போட்டவள் நான். அதை வெட்டி 9 என்று எழுதினேன். எத்தனையோ பிள்ளைகளின் விடைத்தாள்களுக்கு மீள்திருத்தம் செய்திருக்கிறேன். இப்படி வெட்கப்பட்டுச் செய்ததில்லை.

அந்த இரவுதான் அப்பா ‘பிரியா’வுக்குப் போட்ட 5 எனக்கு விளங்கியது.

1978இல் வந்த ‘பிரியா’ படத்தின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். தமிழ்ப் படப் பாட்டுக்கு அது அன்று புதுசு. ஸ்டீரியோ தட்டின் பள்ளம் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவம். ஒரு சுவரில் இடப்பக்க ஒலி, மறு சுவரில் வலப்பக்க ஒலி. ஊசி பக்கவாட்டிலும் ஆட வேண்டும், மேலும் கீழும் ஆட வேண்டும். எங்கள் வீட்டு ரேடியோகிராம் ஒற்றை ஒலிபெருக்கிக்காரன். அதன் ஊசிக்குப் பக்கவாட்டு ஆட்டம் மட்டுமே தெரியும். இரண்டு பக்கமும் விரித்து வைத்த வயலின்களையும் கிற்றாரையும் அது ஒரே வாசலால் தள்ளிவிட்டிருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது என்று அப்பா எழுதியது முழு உண்மை. அவர் காது கெட்டிக்காரக் காது. அந்த 5 அவருடைய பெட்டிக்குப் போக வேண்டிய புள்ளி, பாட்டுக்குப் போய்விட்டது.

இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே கதிரையைப் போட்டுக் கேட்டேன். யேசுதாஸ் நேர் எதிரே நிற்கிறார். அவருக்கு இருபுறமும் காற்று நடமாட இடமிருக்கிறது. 9 என்று எழுதப் போனவள், பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் நிறுத்தினேன். குரலில் ‘ஸ’ வரும் இடமெல்லாம் கீச்சிட்டது.

இதற்கும் காரணம் உண்டு. என் பாடமென்பதால் கணக்குப் போட்டே பார்த்தேன். எல்.பி. எந்த இடத்திலும் ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் வட்டம் பெரிது. ஒரு விநாடியில் ஏறத்தாழ அரை மீற்றர் நீளப் பள்ளம் ஊசியின் கீழே ஓடுகிறது. உள் வட்டத்தில் அதே ஒரு விநாடிக்கு 20 சென்ரிமீற்றர் அளவுதான். அரைப் பக்கத்தில் எழுத வேண்டியதைக் கால் பக்கத்தில் நெருக்கி எழுதுவதுபோல. நுணுக்கமான உயர் ஒலிகள்தான் முதலில் அடிபடும். பழைய ஊசி உழுத தட்டென்றால் இன்னும் மோசம்.

ஆக, ஒரு புள்ளி போதாது என்று தெரிந்தது. சிவப்புக் கோடு கிழித்துப் பத்தியை இரண்டாக்கினேன்: தட்டுக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று. உலகம் முழுக்க இசைத்தட்டுச் சேகரிப்பவர்கள் தட்டின் நிலைக்கும் உறையின் நிலைக்கும் தனித்தனியே தரம் போடுகிறார்கள். நாணயசாலையிலிருந்து நேரே வந்த காசுபோல் இருந்தால் அதை ‘மின்ட்’ என்பார்கள். விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது போதும். எனக்கு விற்கிற எண்ணமில்லை. பாட்டுக்கு இன்று என் காது என்ன சொல்கிறது என்பதும் எனக்கு வேண்டும்.

காருக்குறிச்சி அருணாசலம் நாகஸ்வரம் வாசிக்க எஸ். ஜானகி பாடிய ‘கொஞ்சும் சலங்கை’ (1962) தட்டுக்கு அப்பா 10. பாட்டுக்கு நானும் 10. கோயில் வெளிவீதிக்கென்று பிறந்த வாத்தியம் அது. ஊரின் அடுத்த முனைக்குக் கேட்க வேண்டும் என்பதே அதன் தர்மம். அதை ஒரு பெண் குரலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, குரலை அமுக்காமல், தானும் பயந்து ஒடுங்காமல் ஒருவர் வாசிக்கிறார். குரல் ஏறினால் இதுவும் ஏறுகிறது. குரல் நின்ற இடத்தில் இது மூச்செடுத்துக்கொள்கிறது. அந்தத் தட்டு வந்த இரண்டு வருஷத்தில், 1964இல், அருணாசலம் காலமானார். கடையில் விளம்பரத்துக்கென்று தினமும் ஓடி ஓடித் தேய்ந்த தட்டுக்கு 5தான் போட முடிந்தது.

எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் ‘பஜ கோவிந்தம்’ எல்.பி.யில் பாட்டுக்கு முன்னால் ராஜாஜி ஆங்கிலத்தில் சில வார்த்தைகள் பேசுகிறார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சைத் தாண்டி ஊசியை வைக்க விடமாட்டார். பெரியவர் பேசட்டும் என்பார். அவரும் 10, நானும் 10.

‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனத் தட்டில்தான் அப்பாவோடு மோதுகிறேன். அவர் 10, நான் 6. சிவாஜியின் குரல் எப்படி ஏறி இறங்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை. ஆனால் வசனம் மனப்பாடமான பிறகு எனக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை; பாட்டு அப்படியல்ல. அப்பா இருந்திருந்தால் தோட்டத்து லயத்தில் ஒரே ஒரு கிராமபோனைச் சுற்றி ஐம்பது பேர் உட்கார்ந்து இதைக் கேட்டதைச் சொல்லியிருப்பார். அது எனக்குத் தெரியும். 6ஐ மாற்ற மாட்டேன்.

‘கால் ஆஃப் த வேலி’க்கு அவர் 3 போட்டு, “பாட்டு எங்க?” என்று கேட்டிருக்கிறார். சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷன் காப்ராவின் கிற்றார். காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளை ராகங்களாலேயே சொல்கிற 1967ஆம் ஆண்டுத் தட்டு. விற்காமல் கிடந்ததால்தான் வீட்டுக்கு வந்தது. அதனால்தான் இன்றும் புதுசுபோல இருக்கிறது. தட்டு 9, இசை 10. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் பொப்பிசைத் தட்டுகளுக்கு அப்பா 6, நான் 8. சிங்களமும் தமிழும் ஒரே தாளத்தில் கை கோத்து ஆடிய பாட்டுகளுக்கு அதற்குக் கீழே போட எனக்கு மனம் வராது.

1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் கசற் ரெக்கோடர்கள் வந்து குவிந்தன. கொப்பியில் பதிவுகள் மெலிகின்றன. 1979க்குப் பதினொன்று, 1982க்கு நான்கு. கடைசிப் பதிவு 1983 ஜூன். ஜூலை இனக்கலவரத்தில் கண்டி நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிந்தபோது அந்தக் கடையும் எரிந்தது. அப்பா கடையில் வைத்திருந்த தன் சொந்தத் தட்டுகளும் அதோடு போயின. வீட்டில் இருந்தவற்றை முதல் நாள் இரவே பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி இரண்டு தேயிலைப் பெட்டிகளில் போட்டுத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். அந்த 126தான் இவை. அதற்குப் பிறகு அப்பா எந்தத் தட்டுக்கும் புள்ளி போடவில்லை.

கண்டியின் ஈரம் தட்டுகளுக்கு இன்னொரு எதிரி. மழை மாதங்களில் உறைக்குள் வெள்ளைப் பூஞ்சணம் படரும். நான் அவற்றை அடுக்கிக் கிடத்துவதில்லை, நிமிர்த்தி வைக்கிறேன். வடித்த நீரில் இரண்டு துளி சவர்க்காரத் திரவம் விட்டு, நடுவிலுள்ள கடதாசி நனையாமல் கழுவி, கோப்பை வடிய விடும் தட்டில் நிறுத்திக் காய வைக்கிறேன்.

மொஹிதீன் பேக்கின் 45ஐக் கடைசிக்கு வைத்திருந்தேன். சேலத்தில் பிறந்த முஸ்லிம். இந்நாட்டுப் பௌத்தர்கள் வெசாக் தோறும் கேட்கிற பக்திப் பாடல்களைப் பாடியவர். 1991இல் காலமானார். ஆச்சி உயிரோடு இருந்தவரை வெசாக் இரவில் இந்தத் தட்டைப் போடச் சொல்லி மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுப்பார். போன வெசாக்கிலும் ஒலிபெருக்கிகளை ஜன்னலருகே ஆச்சி வீட்டு முற்றத்தைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வெசாக் கூடு கட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருத்தி, ஆச்சியின் பூட்டி, ஏழு வயது, உள்ளே ஓடி வந்து தான்தான் ஊசி வைப்பேன் என்றாள். வைத்தாள். கை நடுங்கி ஊசி குறுக்கே இழுபட்டது. இரண்டாம் வரியில் இப்போது ஒரு ‘டக்’ கேட்கிறது.

பாட்டு முடிந்ததும் கொப்பியை எடுத்தேன். தட்டு 7 என்றிருந்ததை 6 ஆக்கி, பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டேன். பாட்டு 9, அப்படியே.