பழைய பாடமும் புதிய கணினியும்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், நம் அயல்வீட்டு ஆசிரியை பழைய இறுவட்டு ஒன்றைக் கையில் ஏந்தியவராய் நம்மிடம் வந்தார். காலஞ்சென்ற அவருடைய தந்தையார் கணித ஆசிரியர். 2003ஆம் ஆண்டிலே, கணினி பழகும் ஆவலோடு இரவிரவாக விழித்திருந்து, சாதாரண தர மாணவருக்கென அவர் ஆக்கிய பவர்பொயின்ட் பாடங்கள் அதில் இருந்தன. அவற்றைத் தம் வகுப்பிலே நடத்த விரும்பிய மகள், புதிய மடிக்கணினியில் ஒன்றைப் பிரதிசெய்து திறந்தார். தமிழ் இருந்த இடமெல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்!

“பழுதாகிவிட்டது. அழித்துவிட்டுப் புதிதாகவே எழுதலாமோ என்று பார்க்கிறேன்” என்றார்.

“பொறுங்கள், ரீச்சர். அப்பாவின் தமிழ் எங்கும் போகவில்லை” என்றோம் நாம்.

அக்காலத்தில் நம் நாட்டிற் பலரும் பாமினி என்னும் எழுத்துருவையே பயன்படுத்தினர். அது ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்திக் காட்டும். ஆகவே, கோப்பினுள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பதிவாகியிருக்கும். பாமினி இல்லாத கணினி அவற்றை அப்படியே காட்டிவிடுகிறது. ஆடை கலைந்ததேயன்றி ஆள் மாறவில்லை.

பாமினியை நிறுவியதும் தமிழ் மீண்டது. ஆயினும் அது போதாது. மாணவர் கைத்தொலைபேசியிலும் வாசிக்க வேண்டுமாயின், எழுத்துக்களை யுனிகோட் முறைக்கு மாற்றுதல் வேண்டும். இதற்கென மாற்றிகள் உண்டு. ஒன்றை மட்டும் மறத்தலாகாது: தமிழ்ப் பகுதிகளை மாத்திரமே மாற்றியிற் கொடுக்க வேண்டும். உண்மையான ஆங்கிலச் சொற்களையும் சமன்பாடுகளையும் சேர்த்துக் கொடுத்தால், அவை பொருளற்ற தமிழாகிவிடும்.

இனி, மென்பொருளின் மாற்றங்களையும் நோக்குவோம். பவர்பொயின்ட் 1987இல் மக்கின்டொஷ் கணினிக்கெனத் தோன்றியது. 1990இல் விண்டோஸுக்கும் வந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலே கோப்பின் அமைப்பே மாறியது. 97 முதல் 2003 வரையான பதிப்புகளின் கோப்புகளைப் புதியவை இணக்க முறையிலே திறக்கும். திறந்தவுடன் வேறு பெயரிற் புதிய வகைக் கோப்பாகச் சேமித்து, அந்தப் பிரதியிலேயே கைவைத்தல் நன்று. மூலத்தை ஒருபோதும் தொடலாகாது.

கணித ஆசிரியரின் கோப்பில் வேறொரு சிக்கலும் எழுந்தது. பழைய ‘சமன்பாட்டுத் தொகுப்பி’ என்னும் கருவியை, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018 ஜனவரியில் மைக்ரோசொப்ட் நீக்கிவிட்டது. சமன்பாடுகள் படமாகத் தெரிந்தன. ஆனால் அவற்றைத் திருத்த இயலவில்லை. திருத்த வேண்டியவற்றை மட்டும் புதிதாக எழுதினோம்.

படவில்லைகளின் அகலமும் இன்று வேறு. அன்று 4:3, 2013 பதிப்பு முதல் 16:9 வழக்கமாயிற்று. அகலத்தை மாற்றினால் சில படங்கள் இழுபட்டு உருமாறக்கூடும். மாற்றாது விட்டாலோ, திரையின் இருபுறமும் கருமை தோன்றும்; அவ்வளவே. வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டிய கேத்திர கணிதப் பாடத்துக்கு இதுவே மேல் என விட்டுவிட்டோம்.

முடிவில், ஒரு படவில்லையின் மூலையில் ஒலிபெருக்கிக் குறியொன்றைக் கண்டோம். அழுத்தினோம், ஒலி எழவில்லை. 2003 பதிப்பு, 100 கிலோபைட்டுக்கு மேற்பட்ட ஒலிக் கோப்புகளை வழக்கமாகத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்ளும். ரீச்சர் பாடக் கோப்பை மாத்திரமே பிரதிசெய்திருந்தார். இறுவட்டைத் துழாவியபோது, அந்த ஒலிக் கோப்பு அங்கே தனியாகக் கிடந்தது. அதைப் புதிய கோப்பினுள்ளேயே சேர்த்து, மீண்டும் அழுத்தினோம்.

“பிள்ளைகளே, பைதகரசின் தேற்றத்தை இன்று பார்ப்போம்” என்றது ஒரு முதிய குரல்.

ரீச்சர் பேசவில்லை. முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அழித்திருந்தால் எழுத்துக்களோடு இந்தக் குரலும் அல்லவா போயிருக்கும்!

வாசகர்களே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இத்தகைய இறுவட்டுக்கள் இருக்கலாம். அவையும் நாளடைவில் பழுதுறுவன. ஆகவே, தனிக் கோப்பை அன்றி, முழு உறையையும் இன்றே இரண்டு இடங்களிற் பிரதிசெய்து வையுங்கள். திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏட்டுக்குக் கரையான் பகை. கணினிக் கோப்புக்கு நம் அவசரமே பகை.