நாலு பேருக்கு நாலு டிபனா? வழி காட்டும் காஞ்சிபுரம் இட்லி

இரவு எட்டு மணி. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பகல் முழுக்கத் தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குச் சர்க்கரை நோய். "எனக்கு ரெண்டு சப்பாத்தி போதும்" என்கிறார். பாட்டிக்குப் பல் இல்லை, குழைந்த ரசம் சாதம் வேண்டும். ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் மகன் கையில் பரோட்டா பார்சல். பத்தாம் வகுப்பு மகள், "மறுபடியும் உப்புமாவா?" என்று நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறாள். எல்லோருக்கும் தனித்தனியாகச் செய்து கொடுத்த அம்மா, கடைசியில் மீந்ததைச் சாப்பிட்டுப் படுக்கிறார்.

தறி இல்லாத வீடுகளிலும், சென்னை அபார்ட்மென்ட்டுகளிலும் இதே கதைதான். ஒரே சமையலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட முடியாதா? அது உடம்புக்கும் நல்லதாக இருக்க முடியாதா? முடியும். அதற்கான வழி காஞ்சிபுரத்தின் பழைய சமையலிலேயே இருக்கிறது.

இரவு உணவில் ஏன் இவ்வளவு கவனம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மேலும் 13.6 கோடி பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்குச் சரியில்லாத உணவு முறையே காரணம் என்கிறது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி.

காலையில் அவசரம், மதியம் ஆபீஸ் கேன்டீன் அல்லது டிபன் பாக்ஸ். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார வாய்ப்புள்ள ஒரே வேளை இரவுதான். குடும்பத்தோடு சேர்ந்து சாப்பிடும் குழந்தைகள் காய்கறி, பழங்களை அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன.

தட்டில் என்ன இருக்க வேண்டும்?

2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு, ஒரு நாளைக்கு அந்த வழிகாட்டி சொல்லும் அளவு இது:

* அரிசி, கோதுமை, சிறுதானியம்: 250 கிராம்
* காய்கறி, கீரை: 400 கிராம்
* பழம்: 100 கிராம்
* பருப்பு வகைகள் அல்லது முட்டை, மீன், இறைச்சி: 85 கிராம்

கணக்குப் பார்க்கச் சிரமமாக இருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும். மீதிப் பாதியில் தானியமும் பருப்பும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழ். சாதம் மலையாக இருக்கும், பொரியல் ஓரத்தில் ஒரு ஸ்பூன் இருக்கும்.

காஞ்சிபுரம் இட்லியில் என்ன விசேஷம்?

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் நைவேத்தியமாகும் இட்லி, நாம் பார்க்கும் வட்ட இட்லி அல்ல. மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை மொத்தமாக ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள். அதனால் குடலை இட்லி என்று பெயர். வெந்ததும் துண்டு போட்டுப் பகிர்வார்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் மாவிலேயே கலந்திருக்கும்.

வீட்டுச் சமையலுக்கு இதில் மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, உளுந்து. வழக்கமான இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போடுவோம். காஞ்சிபுரம் இட்லிக்கு வீடுகளில் பரவலாகப் பின்பற்றும் அளவு, இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அதாவது புரதம் கூடுதல். இரண்டாவது, எண்ணெயில் பொரிக்காமல் ஆவியில் வேகிறது. மூன்றாவது, ருசி மாவிலேயே இருப்பதால் தொட்டுக்கொள்ள விதவிதமாகச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாத்திரம், ஒரு வேலை, எல்லோருக்கும் பங்கு.

வீட்டில் எப்படிச் செய்வது?

ஒரு கப் பச்சரிசி, ஒரு கப் புழுங்கலரிசி, ஒரு கப் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலு மணி நேரம் ஊறவைத்து, ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து, உப்பு சேர்த்து ராத்திரி முழுக்கப் புளிக்கவிட வேண்டும். இதை வார விடுமுறையில் செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் வேலை நாளில் சுலபம்.

சமைக்கும்போது ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம் தலா ஒரு டீஸ்பூன், அரை டீஸ்பூன் சுக்குப்பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் கலக்கலாம். கோயில் இட்லியில் நெய் தாராளம். தினசரிச் சாப்பாட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரையும் சேர்க்கலாம்.

குடலைக்குப் பதிலாக எவர்சில்வர் டம்ளர். உள்ளே எண்ணெய் தடவி, முக்கால் பாகம் மாவு ஊற்றி, இட்லிப் பானையில் சுமார் 25 நிமிடம் வேகவிடவும். கத்தியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. அது வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் முருங்கைக்காய், பூசணி, கத்தரிக்காய் என்று கையில் இருக்கும் காயெல்லாம் போட்டுக் கெட்டியாக ஒரு சாம்பார் வைத்துவிடலாம்.

ஒரே சமையல், ஆளுக்கொரு விதமாக

சமையல் ஒன்றுதான். பரிமாறும் விதம்தான் மாறும்.

* சர்க்கரை உள்ள அப்பாவுக்கு முதலில் சாம்பார் காய்கள், பிறகு அளவாக இட்லி. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டால், சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. இட்லியும் அரிசிதான் என்பதால் எண்ணிக்கையில் கவனம் வேண்டும். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டர் சொன்ன அளவை மாற்றக் கூடாது.
* பாட்டிக்கு இட்லியை உதிர்த்து சாம்பாரில் ஊறவைத்தால் போதும்.
* ஷிஃப்ட் முடித்து வரும் மகனுக்கு இன்னொரு துண்டு, கூடவே அவித்த முட்டை அல்லது சுண்டல்.
* மகளுக்கு அதையே சின்னத் துண்டுகளாக்கி, கடுகு, வெங்காயம், குடமிளகாயோடு ஒரு பிரட்டு.

வாரம் முழுக்க இட்லியா?

வேண்டாம். இதே கணக்கு வேறு சமையலுக்கும் பொருந்தும். கடலைப்பருப்பு, துவரை, உளுந்து கலந்த அடையும் அவியலும் ஒரு நாள். சாமை அல்லது வரகில் மிளகுப் பொங்கல், காய் கொத்சு ஒரு நாள். அரிசியைக் குறைத்து, பருப்பையும் காயையும் கூட்டிய சாம்பார் சாதம் ஒரு நாள். அசைவ வீடுகளில் மீன் குழம்பும் கீரைப் பொரியலும் ஒரு நாள். உப்பில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்பளமும் ஊறுகாயும் தினமும் வந்தால் அதைத் தாண்டிவிடுவோம்.

குழந்தை "வேணாம்" என்றால்?

அமெரிக்க உணவியல் நிபுணர் எல்லின் சாட்டர் சொல்லும் வழி எளிமையானது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். திட்டவும் வேண்டாம், "சாப்பிட்டா போன் தரேன்" என்ற பேரமும் வேண்டாம். புதிய காய் ஒன்று குழந்தைக்குப் பிடிக்க, பத்து முறைக்கு மேல்கூடத் தட்டில் வர வேண்டியிருக்கலாம். பெரியவர்கள் ரசித்துச் சாப்பிடுவதைப் பார்ப்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

சுலபம் சரி, யாருக்குச் சுலபம்?

இதைக் கேட்காமல் எந்தச் சமையல் குறிப்பும் முழுமையாகாது. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். நாலு டிபன் ஒன்றாகக் குறைந்தாலும், அந்த ஒன்றும் அம்மா தலையிலேயே விழுந்தால் அவருக்கு மட்டும் சேர்ந்து சாப்பிடக் கொடுத்துவைக்காது.

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்றொரு முறை உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் சேரும் அந்தப் புடவையைக் கைத்தறியில் நெய்ய, நெசவாளரோடு இன்னொருவரும் உட்கார்ந்து நாடாவைக் கொடுத்து வாங்க வேண்டும். பல வீடுகளில் குடும்பத்தில் ஒருவரே அந்த ஆள். அந்தப் பழக்கம் அடுப்படிக்கும் வரலாம். மாவு அரைப்பது மகன், காய் நறுக்குவது அப்பா, தட்டு எடுத்து வைப்பது மகள், மசாலா சரியா என்று ருசி பார்ப்பது பாட்டி.

தினமும் முடியாவிட்டால் பரவாயில்லை. மகனின் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்து வாரத்தில் மூன்று நாள் முடிவு செய்யலாம். அந்த நாட்களில் டிவி ஆஃப், போன்கள் வேறு அறையில். இட்லியைத் துண்டு போட்டதும் அம்மாவுக்கும் அப்போதே ஒரு தட்டு வைத்து, அவரும் உட்கார்ந்த பிறகு சாப்பிட ஆரம்பிக்கலாம்.