ராஜினாமா கேட்கும் முன் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்

ஊராட்சித் தலைவர் மீது முறைகேட்டுப் புகார் கிளம்பிவிட்டால் நம் ஊர்களில் முதலில் எழும் குரல் 'ராஜினாமா செய்' என்பதுதான். சுவரொட்டி ஒட்டுகிறார்கள், சாலையை மறிக்கிறார்கள், வாட்சப்பில் கொதிக்கிறார்கள். பத்து நாளில் எல்லாம் அடங்கிவிடுகிறது. தலைவர் அதே நாற்காலியில் இருக்கிறார். தேர்ந்தெடுத்தவரைத் திரும்ப அழைக்கும் உரிமை மத்தியப் பிரதேசத்திலும் அரியானாவிலும் உள்ளாட்சி அளவில் சட்டமாக இருக்கிறது. தமிழ்நாட்டு வாக்காளருக்கு அது இல்லை. எனவே இங்கே ராஜினாமாக் கோரிக்கை தலைவரின் மனசாட்சிக்கு விடும் வேண்டுகோள் மட்டுமே. அவர் பதில்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அப்படியே விலகினாலும் போன பணம் திரும்பாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது சட்டம். ஒருவர் மட்டும் விலகினால் இன்னொரு கையெழுத்துக்குப் பொறுப்பு யார்?

சட்டம் காட்டும் வழி வேறு. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவு தலைவரைப் பதவிநீக்கம் செய்வதைப் பற்றியது. அந்த அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பில் உள்ள மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. வார்டு உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் குற்றச்சாட்டுகளை எழுதிக் கையெழுத்திட்டு, அவர்களில் இருவர் நேரில் கொடுத்தால் அவர் நடவடிக்கையைத் தொடங்கலாம். உறுப்பினர்களே பங்காளிகள் என்றால் என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் ஆட்சியர் தாமாகவே முன்வந்து நடவடிக்கை எடுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. சாதாரண வாக்காளரின் மனு அதற்குத் தூண்டுகோலாகலாம். ஆட்சியர் தலைவரிடம் விளக்கம் கேட்பார். திருப்தி இல்லையென்றால் தாசில்தார் ஊராட்சி மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதைப் பரிசீலித்து ஆட்சியர் முடிவெடுப்பார்.

ஆனால் 'ஊழல் செய்துவிட்டார்' என்ற ஒற்றை வரி மனு குப்பைக்குத்தான் போகும். எந்த வேலை, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த ஆவணம் என்று இருக்க வேண்டும். அதற்கு முதல் படி தகவல் அறியும் உரிமைச் சட்டம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தீர்மானப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், செலவுச் சீட்டுகள், வேலையின் அளவுப் புத்தகம், தணிக்கை அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 'முழு விவரமும் தருக' என்று எழுதாதீர்கள். ஆண்டையும் வேலையின் பெயரையும் குறிப்பிடுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றுவது அவர்கள் கடமை. 'இங்கே கொடுக்கக் கூடாது' என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலர் இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டுத்தான் சட்டத்தைத் திட்டுகிறார்கள். கிடைத்த நகல்களை இணைத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் 205-ஆவது பிரிவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு மனு கொடுங்கள். மனு எண் உள்ள ஒப்புகைச் சீட்டு இல்லாமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். ஆட்சியர் அலுவலகம் மாதக்கணக்கில் மனுவை உறங்க வைத்தால், முடிவெடுக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தை நாடலாம். அங்கே முதலில் கேட்கப்போவதும் அந்தச் சீட்டைத்தான்.

மானமுள்ளவர் தானே விலகட்டும், இத்தனை அலைச்சல் எதற்கு என்று சிலர் சொல்வதுண்டு. குற்றச்சாட்டும் ஆவணமும் இல்லாத ராஜினாமாக் கோரிக்கை இந்த மண்ணில் யார் மீது பாய்ந்திருக்கிறது என்பதை அவர்கள் மறக்கக் கூடாது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006 வரை தேர்தலே நடக்காமலோ, வென்றவர் உடனே விலகியோ அந்தப் பதவி காலியாகக் கிடந்தது. அதே மாவட்டத்து மேலவளவில், அப்படி ஒதுக்கப்பட்ட பதவியில் தலைவராக இருந்த முருகேசன் 1997-இல் கொல்லப்பட்டார். இன்றும் தலித் தலைவர்களையும் பெண் தலைவர்களையும் பணியவைக்க 'விலகு' என்ற மிரட்டலே பயன்படுகிறது. விசாரணை கேட்பவர் சான்று காட்டியாக வேண்டும். விலகச் சொல்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குற்றமற்றவரைக் காப்பதும் குற்றவாளியைப் பிடிப்பதும் அந்தச் சான்றுதான்.

இரண்டு எச்சரிக்கைகள். சுவரொட்டியில் 'திருடன்' என்று அச்சிடாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வழக்கு உங்கள் மீது திரும்பினால் பேச்சு மாறிவிடும், கணக்கு மறந்துபோகும். அடுத்து, வீடு கட்டும் திட்டத்துக்கோ குடிநீர் இணைப்புக்கோ லஞ்சம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லுங்கள். கட்டாயத்தால் கொடுத்துவிட்டீர்களா? 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி அதன் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி ஆகிறார். ஏழே நாள். இதைத் திரும்பச் சொல்லக் காரணம், ஓராண்டு கழித்து 'நானே கொடுத்தேன்' என்று மேடையில் முழங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்களின் பொறுப்புக்குப் போனது. பதவிக்காலம் முடிந்துவிட்டதால் இனிப் பழைய கணக்கைக் கேட்க முடியாது என்று அலுவலகத்தில் சொன்னால் ஏற்காதீர்கள். பதிவேடுகள் அரசின் சொத்து; இந்த வாரமே தகவல் கேட்கும் மனுவை எழுதுங்கள்.