ஒரு முழம், ஒரு நொடி

கிள்ளானில் எங்கள் வீட்டு இரும்பு அலமாரியில் அப்பா ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார். உள்ளே ஒரு ஃபிலிம் துண்டு. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் பையன்கள் கோலிக்குண்டு சேர்த்தது போலவே ஃபிலிமும் சேர்த்தார்கள். மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கில் ஏறும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நாயகன் ஒருவர் நிற்கிறார், ஒன்றன்கீழ் ஒன்றாக 24 முறை. முகம், உடுப்பு, பின்னால் உள்ள மரம் எல்லாமே செம்பு நிறத்தில் இருக்கின்றன.

துண்டின் நீளம் ஒரு முழம். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் மல்லிகை அளக்கிறார்களே, அதே முழம். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பிடிக்கும் உயரம் 19 மி.மீ.; நொடிக்கு 24 படங்கள் ஓடும். பெருக்கினால் 46 செ.மீ. ஆக, அப்பா இத்தனை வருஷம் பத்திரப்படுத்தியது ஒரு சினிமாவின் ஒரே ஒரு நொடி. மூன்று மணி நேரப் படத்துக்கு இப்படி 10,800 முழம் வேண்டும், ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் தொடங்கி, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் நூறாண்டு கண்ட கொலிசியம் திரையரங்கு வரை நேர்கோட்டில் விரித்தால், போய்த் திரும்பி வரப் போதும்.

அந்தக் கொலிசியத்தில்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எம்ஜிஆரையும் சிவாஜியையும் பார்த்தார்கள். உண்மையில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதை அந்தத் துண்டின் ஓரத்துத் துளைகள் சொல்கின்றன. ஃபிலிம் வழுக்கிக்கொண்டே ஓடினால் திரையில் வெறும் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்குக்கு முன்னால் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காக ப்ரொஜெக்டருக்குள் சிலுவை போன்ற ஒரு சக்கரம் உண்டு; மால்டீஸ் கிராஸ் என்பார்கள். ஒரு முளை அதன் பள்ளத்தில் மாட்டிக் கால் சுற்று திருப்பிவிட்டு விலகும். கூடவே திரும்பும் பற்கள் ஓரத்துத் துளைகளைப் பிடித்து இழுக்க, ஃபிலிம் ஒரு படம் இறங்கி நிற்கும். நொடிக்கு 24 தடவை இப்படி.

ஃபிலிம் இறங்கும் நேரத்தில் சுழலும் மூடி ஒன்று வெளிச்சத்தை மறைத்துவிடும். நொடிக்கு 24 இருட்டு என்றால் மினுக்கம் கண்ணில் படும். அதனால் படம் நிற்கும்போதே மூடி இன்னொரு முறையும் மறைக்கும். இருட்டு 48 ஆனதும் கண் அதைப் பிரித்தறிய முடியாமல் தொடர்ந்த வெளிச்சமாக ஏற்றுக்கொள்கிறது. கூட்டிப் பார்த்தால் மொத்த நேரத்தில் ஏறக்குறைய பாதி இருட்டு. மூன்று மணி நேரப் படத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம் திரை கறுப்பாகவே கிடந்தது. அரங்கில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அசைவும் ஃபிலிமில் இல்லை. 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர் இதை ஆராய்ந்து எழுதினார்: அடுத்தடுத்து தோன்றும் இரண்டு நிலையான உருவங்களுக்கு நடுவே மூளை தானாகவே ஓர் அசைவைக் காண்கிறது.

குரல் கதை இன்னும் விசித்திரம். படம் நின்று நின்று போகலாம். குரல் அப்படிப் போனால் திக்கும். எனவே ஃபிலிம் சீராக ஓடும் வேறோர் இடத்தில்தான் ஒலியைப் படிப்பார்கள். அதற்கேற்ப, வசனம் உதட்டுக்கு நேராக இல்லாமல் சுமார் 20 படங்கள் தள்ளி ஓரத்துக் கோட்டில் பதிந்திருக்கும். உதட்டுக்கும் குரலுக்கும் முக்கால் முழத்துக்கு மேல் தூரம்!

அப்பாவின் நாயகன் ஏன் சிவந்தார்? வண்ண ஃபிலிமில் நீலப்பச்சை, கருஞ்சிவப்பு, மஞ்சள் என மூன்று சாய அடுக்குகள் உண்டு. அந்தக் காலப் பிரதிகள் பலவற்றில் நீலப்பச்சை முதலில் வெளுத்தது, சிவப்பு மிஞ்சியது. புளித்த வாடைக்குக் காரணம் ஃபிலிமின் உடம்பே. செல்லுலோஸ் அசிடேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், அதாவது சமையலறை வினிகரில் உள்ள அதே அமிலம். வந்த அமிலம் சிதைவை மேலும் விரட்டும். வெயிலும் ஈரமும் ஆண்டு முழுக்க விடாத நம் ஊரில் அது வேகமாக நடக்கிறது.

கறுப்பு-வெள்ளைக்கு இந்த வெளுப்பு இல்லை. அதன் உருவம் சாயமல்ல, வெள்ளித் துகள். மலாய்த் திரையின் பி. ரம்லி முதன்முதலாக நாயகனான ‘பக்தி’ (1950) அப்படிப்பட்ட படம்; இயக்கியவர் நம் எல். கிருஷ்ணன். 1964இல் சிங்கப்பூரிலிருந்து உலு கிள்ளான் மெர்டேக்கா ஸ்டுடியோவுக்கு வந்த ரம்லியின் கடைசிப் படம், 1972இல் வெளியானது, அதுவும் கறுப்பு-வெள்ளையே. காலத்துக்குப் பின்தங்கியதாகத் தோன்றிய அந்த வெள்ளி, உருவத்தைக் காப்பதில் வண்ணத்தை முந்தியது.

இன்று பெரும்பாலான அரங்குகளில் முழக்கணக்கு இல்லை. படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. பல ப்ரொஜெக்டர்களுக்குள் மயிரிழையைவிடச் சிறிய 22 லட்சம் கண்ணாடிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து ஒளியைத் திரைக்கு அனுப்புகின்றன. அந்தப் பழைய இருட்டுக்கு அங்கே இடமில்லை. 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் டிஜிட்டலில் மீண்டபோது கீறல் நீங்கி, நிறம் திரும்பித் திரையேறியது. மீட்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. எத்தனையோ படங்களுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காது.

போன வாரம் அப்பா அந்தத் துண்டை மறுபடி ஜன்னலருகே பிடித்தார். மேல் படத்தில் நாயகனின் கை இடுப்பில் இருக்கிறது. கீழே, 24ஆவதில், நெஞ்சருகே. இடையில் எந்தப் படத்திலும் கை ஏறவில்லை, ஒவ்வொன்றிலும் நிற்கிறது. அப்பா தன் கையை இடுப்பிலிருந்து மெதுவாக நெஞ்சுக்குக் கொண்டுபோய், “இப்படித்தான் தூக்குவார்” என்றார்.