பருத்த தேகமும் சத்துக் குறைவும்

பருத்த தேகம் நன்கு போஷிக்கப்பட்ட தேகம் என்னும் எண்ணம் நம் ஜனங்களிடையே வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. இது பெரும் மயக்கமாகும். உதாரணமாக, வைட்டமின் டி என்னும் ஜீவசத்து கொழுப்பிலே சென்று தங்கிவிடுவதால், பருத்தவர்களின் இரத்தத்தில் அது குறைந்தே காணப்படுகிறது. 2009ஆம் வருஷத்து இன்புளுயன்ஸாவிலும், 2020இல் உலகெங்கும் பரவிய கொரோனாவிலும் இத்தகையோரே அதிக ஆபத்துக்குள்ளாயினர்.

சத்துக் குறைந்தவர் நோயில் வாடினால், சத்து மாத்திரையைக் கொடுத்தால் நோய் தீருமல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாட்சியம் வேறு விதமாக இருக்கிறது. பிரேஸில் தேசத்து ஸாவோ பாலோவில் ஆஸ்பத்திரியிலிருந்த 240 கொரோனா நோயாளிகளைக் கொண்டு பரீட்சை நடைபெற்றது. அவர்களில் பலர் பருத்தவர்கள். ஒரு சாராருக்கு ஒரே வேளையில் 2,00,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும், அவர்கள் ஆஸ்பத்திரியில் தங்கிய காலம் குறையவில்லை என்று 2021இல் வெளியாயிற்று. அதே வருஷத்தில், அமெரிக்காவில் 214 பேரிடம் துத்தநாகத்தையும் வைட்டமின் சி-யையும் சோதித்தவர்கள், குறிப்பிடத்தக்க பலன் காணாமல் பரீட்சையை இடையிலேயே நிறுத்தினர்.

ஆகவே போஷாக்கே வீண் என்று முடிவு கட்டலாகாது. குறையை நிரப்புவது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு. ஜுரத்தில் கிடப்பவனுக்குக் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் தசை கரைந்துகொண்டே போகிறது. “இருக்கிற சதை போதும், கஞ்சித் தண்ணீரே கொடுங்கள்” என்று பருத்த நோயாளியைப் பட்டினி போடுவது கொடுமை. பருத்தவர்களையும் சத்துக் குறைவுக்காகச் சோதிக்க வேண்டுமென்று ஐரோப்பிய போஷணை வைத்திய நிபுணர்கள் 2020இலேயே எச்சரித்தனர். பருப்பு, பால், முட்டை, மீன் இவற்றில் ஒத்துக்கொள்வதைக் கொடுக்க வேண்டும். இரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் வைத்தியர் குறிக்கும் அளவில் மாத்திரையும் தரலாம். அளவு மிஞ்சினால் வைட்டமின் டி இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை ஏற்றிவிடும். நீரிழிவும் சேர்ந்திருப்பவருக்குச் சர்க்கரை கலந்த சத்துப்பொடி கெடுதலே.

மூச்சுத் திணறலுக்கு மருந்து புட்டியில் விற்கும் சத்து அன்று, பிராணவாயுவே. பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் மரணத்தைக் குறைத்தது டெக்ஸாமெதஸோன் என்னும் மலிவான மருந்து. இது 2020இல் இங்கிலாந்தில் நிரூபணமாயிற்று. ஏழைக் குடும்பங்கள் புட்டிகளுக்குப் பணத்தைக் கொட்டி, ஆஸ்பத்திரி செல்லும் நேரத்தை இழப்பதே நாம் அஞ்சும் அபாயம். ஊர்தோறும் ஊழியம் புரியும் அன்பர்கள் இவ்வுண்மையை வீடுதோறும் எடுத்துச் சொல்வார்களாக.