கரடிக்குப் பந்தி வைத்த காலம்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920-களிலும் 30-களிலும் எடுத்த புகைப்படங்களில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. சாலையோரம் ஒரு கார் நிற்கும். அதன் கதவில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு ஒரு கருங்கரடி எழுந்து நிற்கும். உள்ளே இருப்பவர் தின்பண்டம் நீட்டுவார். பயம் யார் முகத்திலும் இருக்காது. கரடிக்கு ஊட்டிவிட்ட படம் இல்லாமல் ஊர் திரும்பினால் பயணம் வீண் என்று நினைத்த காலம் அது. இன்று அதே சாலையில் அதே காரியத்தைச் செய்தால் அபராதச் சீட்டோடு நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

இந்தப் பழக்கத்தைப் பயணிகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. யெல்லோஸ்டோன் 1872-ல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே உள்ளே விடுதிகள் எழுந்தன. விடுதிச் சமையலறைக் கழிவு பின்புறக் காட்டில் கொட்டப்பட்டது. வாசம் பிடித்துக் கரடிகள் வந்தன. கரடிகளைப் பார்க்க விடுதியில் தங்கியவர்கள் வந்தார்கள். நல்ல கூட்டம் சேர்கிறதே என்று நிர்வாகம் அதையே ஒரு நிகழ்ச்சியாக்கியது. ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் அருகில் 1920-களில் ஒரு மேடை கட்டி, ‘கரடிகளுக்கு மட்டும்’ என்று பலகையும் மாட்டி, எச்சில் சோற்றைப் பரப்பி வைத்தார்கள். ஓட்டர் கிரீக் என்ற இடத்தில் சினிமாக் கொட்டகை போல வரிசை வரிசையாகப் பெஞ்சுகள். எதிரே கிரிஸ்லி எனும் பெரிய பழுப்புக் கரடிகள் குப்பையைக் கிளற, குதிரை மேல் அமர்ந்த ரேஞ்சர் ஒருவர் துப்பாக்கியோடு நின்று கரடிகளின் குணநலன்களை விளக்குவார். 1919 முதல் 1929 வரை யெல்லோஸ்டோனின் தலைவராக இருந்த ஹோரஸ் ஆல்பிரைட், கரடிகளோடு ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர். பூங்காக்களுக்கு மக்கள் ஆதரவும் அரசுப் பணமும் தேவைப்பட்ட காலம். அதற்குக் கரடியைவிட நல்ல விளம்பரம் ஏது? அவருடைய நிர்ப்பந்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க அடுத்த 50 ஆண்டுகள் போதவில்லை.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலும் இதே கூத்துதான். 1923 முதல் 1940 வரை பள்ளத்தாக்கில் மாலை நேரக் கரடிக் காட்சி நடந்தது. மெர்செட் ஆற்றின் ஒரு கரையில் ஜனங்கள், மறுகரையில் குப்பை, அதன் மேல் விளக்கு வெளிச்சம். அதோடு, கிளேசியர் பாயின்ட் உச்சியிலிருந்து நெருப்புக் கங்குகளை அருவி போலக் கொட்டும் இன்னொரு காட்சி. அந்த நெருப்பருவி 1968 வரை ஓடியது. இயற்கையைப் பார்க்க வந்தவர்களுக்கு இயற்கை போதாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

ருசி கண்ட பூனை உறியை உறியைத் தாவும் என்பது நம் ஊர்ப் பழமொழி. கரடியின் ஞாபகசக்தி பூனையுடையதைவிடக் குறைந்ததல்ல. 1931 முதல் 1969 வரை யெல்லோஸ்டோனில் ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடியிடம் காயம்பட்டார்கள். கூடாரம், கார், பெட்டி என்று பொருள் சேதம் ஆண்டுக்கு 100-க்கு மேல். காயம்பட்டவர்கள் கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்கள், கரடிக்குத்தான் துப்பாக்கி. இத்தனைக்கும் நடுவில், 1958-ல், சுற்றுலாக்காரர்களின் கூடையைத் திருடும் ‘யோகி’ என்ற கார்ட்டூன் கரடி தொலைக்காட்சிக்கு வந்து வீடு வீடாகக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தது.

சிரிப்பு நின்றது 1967 ஆகஸ்டில். மோன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்கா 1910-ல் தொடங்கியதிலிருந்து அதுவரை அங்கே ஒருவரைக்கூடக் கரடி கொன்றதில்லை. அந்த மாதம் ஒரே இரவில், சுமார் 15 கிலோமீட்டர் இடைவெளியில், இரு வேறு கிரிஸ்லிகள் 19 வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. ஓரிடத்தில், மலைவிடுதியின் பின்னால் இரவுதோறும் மிச்சம் மீதியைக் கொட்டிக் கரடிகளை வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னோர் இடத்தில், முகாம்களில் புகுந்து சாப்பாட்டைப் பறித்துப் பழகிய மெலிந்த கரடி ஒன்று அந்தக் கோடை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. பலரும் அதைப் பார்த்திருந்தார்கள்.

அதன் பிறகு யெல்லோஸ்டோன் தன் குப்பைமேடுகளை அவசரமாக மூடியது. அங்கே பல ஆண்டுகளாகக் கிரிஸ்லிகளை ஆராய்ந்து வந்த இரட்டைச் சகோதரர்கள் ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட், சட்டென்று மூடாதீர்கள், பசியில் கரடிகள் முகாம்களுக்கு வரும், படிப்படியாகக் குறையுங்கள் என்று மன்றாடினார்கள். நிர்வாகம் கேட்கவில்லை. முகாம்களுக்கு வந்த கரடிகள் ஒவ்வொன்றாகச் சுடப்பட்டன. 1975-ல் கிரிஸ்லியை அழியும் ஆபத்திலுள்ள விலங்குகளின் சட்டப் பட்டியலில் சேர்க்கும்போது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் எஞ்சியவை 136 என்று கணக்கிட்டார்கள். அதே வட்டாரத்தில் இப்போது சுமார் 1,000.

கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களின் கதை என்று பார்த்தால், சுவாரசியமெல்லாம் யோசெமிட்டியில்தான். அங்கே கிரிஸ்லி கிடையாது. கலிஃபோர்னியாவின் கொடியில் கம்பீரமாக நடக்கும் கிரிஸ்லி அந்த மாநிலத்தில் கடைசியாகக் கண்ணில் பட்டது 1924-ல். இருப்பவை கருங்கரடிகள் மட்டுமே. அவை யோசெமிட்டியில் இதுவரை ஒருவரைக்கூடக் கொன்றதில்லை. வந்தால் சாப்பாட்டுக்கு வரும். ‘தொல்லைக் கரடி’களை நிர்வாகம் ஓசைப்படாமல் கொன்று கொண்டிருந்ததை மலையேறியும் புகைப்படக்காரருமான கேலன் ரோவெல் 1970-களில் எழுதி அம்பலப்படுத்தினார். கரடியை மாற்ற முடியாது, மனிதரை மாற்றுவோம் என்ற திட்டம் 1975-ல் வந்தது.

மனிதருக்கு அப்போது சொல்லப்பட்ட வழி, பாட்டி காலத்து உறிதான். சாப்பாட்டை எடை ஒத்த இரண்டு பைகளாகப் பிரிக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி உயரமான கிளைக்கு மேல் வீச வேண்டும். ஒரு பையை மேலே இழுத்து, மறுமுனையில் இன்னொரு பையைக் கட்டி, கம்பால் நெட்டி இரண்டையும் தராசுத் தட்டு போலச் சமமாகத் தொங்கவிட வேண்டும். தரையிலிருந்து 12 அடிக்கு மேலே, அடிமரத்திலிருந்து 10 அடி தள்ளி. நாள் முழுக்க மலையேறிக் கால் கடுத்தவர் இருட்டில் நின்று எத்தனை முறை கல்லை வீசுவார்! கல் திரும்பித் தலைமேல் விழும், கயிறு கிளையில் சிக்கும். கடைசியில் எட்டடி உயரத்தில் ஏதோ ஒரு கோணத்தில் பை தொங்கும். போதும் என்று படுத்துவிடுவார்கள்.

கரடிகளுக்கு இது பள்ளிக்கூடமாகிவிட்டது. மரத்தடியில் கயிற்றைக் கட்டியிருந்தால் கடித்து அறுத்தன. தன் எடையைக் கிளை தாங்காது என்று தெரிந்த தாய், குட்டியை ஏற்றிவிட்டது. சில கரடிகள் மேலிருந்து பையைக் குறிவைத்துப் பாய்ந்து, பையோடு கீழே விழுந்து, எழுந்து உதறிக்கொண்டு போயின. அந்தப் பாடத்தை அடுத்த கோடையில் குட்டிகளும் செய்து காட்டின. உறி கரடியைத் தடுக்கும் உபாயமல்ல, சற்றுத் தாமதப்படுத்தும் உபாயம் என்று ரேஞ்சர்களே ஒப்புக்கொண்டார்கள்.

கார் வைத்திருந்தவர்கள் சாப்பாட்டைக் காரிலேயே பூட்டினார்கள். பின் ஜன்னலின் ரப்பர் விளிம்பில் நகத்தைக் கொடுத்து, கதவுச் சட்டத்தை வாழைத்தோல் உரிப்பது போல் மடக்கி, பின் இருக்கையைப் பிய்த்துக்கொண்டு டிக்கிக்குள் இறங்கக் கரடிகள் பழகின. 1998-ல் யோசெமிட்டியில் பதிவான கரடிச் சம்பவங்கள் 1,584. சேதம் 6.5 லட்சம் டாலருக்கு மேல். எந்தக் கார் என்பதிலும் அவற்றுக்குத் தேர்வு இருந்தது. 2001 முதல் 2007 வரை உடைபட்ட வண்டிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரை ஒன்று, மினிவேன்களைத்தான் கரடிகள் விரும்பி உடைக்கின்றன என்று காட்டியது. காரணத்தை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. குழந்தை இருக்கைக்கு அடியில் என்ன கிடக்கும் என்று மினிவேன் வைத்திருக்கும் எவரும் சொல்வார். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் நீள வாரயிறுதிக்கு யோசெமிட்டி கிளம்பும்போது அந்த வண்டிக்குள் முறுக்கும் புளியோதரையும் எத்தனை டப்பாக்களில் பயணம் செய்கின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன். கரடியின் தேர்வில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

1998-ன் அவமானத்துக்குப் பிறகு, அமெரிக்க நாடாளுமன்றம் 1999 முதல் யோசெமிட்டியின் கரடித் திட்டத்துக்கென்றே ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தப் பணம் இரும்புப் பெட்டிகளாக மாறியது. ஒவ்வொரு முகாமிடத்திலும், வாகன நிறுத்தங்களிலும், நடைபாதைகள் தொடங்குமிடத்திலும் பழுப்பு நிறப் பெட்டிகள் வந்தன. அவற்றின் தாழ்ப்பாளைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அது வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஒரு சின்ன மூடிக்குள் விரல்களை நுழைத்து, உள்ளே இருக்கும் நாக்கை அழுத்தினால்தான் கதவு திறக்கும். மனித விரல் நுழையும், கரடியின் பாதம் நுழையாது. விஷயம் அவ்வளவுதான்.

மலைக்குள் நடந்து போய்த் தங்குகிறவர்களுக்கு உறி போய் டப்பா வந்தது. தடித்த கறுப்பு பிளாஸ்டிக்கில் உருளை வடிவம், ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை. பற்றிப் பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாத வழவழப்பு. கரடியின் வாய்க்குள் அடங்காத பருமன். மூடி உள்ளடங்கியிருக்கும், அதிலுள்ள திருகை ஒரு நாணயத்தால் திருப்பினால் திறக்கும். கரடி இரவெல்லாம் உருட்டும், ஏறி நிற்கும், பிறகு போய்விடும். அதனால்தான் டப்பாவைப் பாறை விளிம்பிலோ ஆற்றோரமோ வைக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள் என்கிறார்கள். விடிந்ததும் பள்ளத்தில் இறங்கித் தேட வேண்டியிருக்கும். தோற்ற டப்பாக்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலையில், காதில் இரண்டு மஞ்சள் அட்டை மாட்டியதால் ‘யெல்லோ-யெல்லோ’ என்று பெயர் பெற்ற ஒரு சின்னப் பெண் கரடி, அழுத்தித் திருகும் மூடி கொண்ட ஒரு வகை டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. தயாரிப்பாளர்கள் மூடியின் அமைப்பை மாற்றினார்கள். அதையும் திறந்தது.

யோசெமிட்டியில் சம்பவங்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன. அங்குள்ள கரடிகளின் ரோமங்களையும் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய மாதிரிகளையும் சோதித்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. மனித உணவுக்குப் பழகிய கரடிகளின் சாப்பாட்டில் நம் உணவின் பங்கு 1975-85 காலத்தில் 35 விழுக்காடு. 1999-க்குப் பிறகு 13. நிர்வாகம் பந்தி வைக்கத் தொடங்கும் முன்பு, 1915 வாக்கில் இருந்த அளவும் ஏறத்தாழ அதுதான். இன்று அங்கே கரடிக்குப் பெரிய எமன் கார்தான். கார் மோதிக் கரடி அடிபட்ட இடங்களில் சிவப்புக் கரடி வரைந்த பலகை நிற்கிறது.

இப்போது முகாமில் ஓர் இரவு எப்படிப் போகும்? சமைத்துச் சாப்பிட்ட கையோடு பாத்திரம் கழுவி, மிச்சத்தையும் குப்பையையும் இரும்புப் பெட்டியில் வைத்துத் தாழிட வேண்டும். பற்பசை, சோப்பு, தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய், கைக்குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள், எல்லாமே கரடியின் மூக்குக்கு உணவுதான், அவையும் பெட்டிக்குள். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட ஆகாது. இருட்டிய பின் காரில் எதுவும் இருக்கக்கூடாது. மீறினால் 5,000 டாலர் வரை அபராதம். காரையும் இழுத்துக்கொண்டு போகலாம். பகலிலும் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போவது குற்றமே.

அப்படியும் முகாமுக்குள் கருங்கரடி நுழைந்துவிட்டால், எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, அடித்தொண்டையில் கத்தித் துரத்த வேண்டும். இதற்குக் கூச்சப்படக்கூடாது. அது போக வழி விட வேண்டும். ஓடக்கூடாது. அதன் வாய்க்குப் போய்விட்ட சாப்பாட்டை மீட்கப் போவது மடத்தனம்.

கிரிஸ்லி வாழும் யெல்லோஸ்டோனில் நடைமுறை வேறு. அங்கே 100 கெஜம் விலகியே நிற்க வேண்டும். காட்டுக்குள் தங்குகிறவர்கள் சமைக்கும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் அதே அளவு தள்ளி அமைக்க வேண்டும். இடுப்பில் மிளகாய்க் காரத்தை அடக்கிய தெளிப்புக் குப்பி தொங்க வேண்டும், பைக்குள் அல்ல. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த சம்பவங்களை ஆராய்ந்தவர்கள், அந்தக் காரம் பத்தில் ஒன்பது தடவை கரடியை நிறுத்தியது என்று கண்டார்கள். அதே குப்பியை யோசெமிட்டிக்குள் கொண்டுபோகத் தடை. இரண்டு பூங்காவுக்கும் ஒரே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பூங்காவுக்குள் கற்ற பாடம் பூங்கா எல்லையோடு நின்றுவிட்டது என்பதுதான் இன்றைய சங்கடம். கலிஃபோர்னியாவின் டாஹோ ஏரிக்கரை ஊரில் 2022-ல் வீடுவீடாகப் புகுந்த ஒரு பெரிய கரடிக்கு ஊரார் ‘ஹேங்க்’ என்று பெயர் வைத்தார்கள். மரபணுச் சோதனை செய்தால், எல்லாவற்றையும் செய்தது ஒரு கரடியல்ல, குறைந்தது மூன்று. 2023 ஆகஸ்டில் ஒன்றைப் பிடித்தார்கள். ஆண் என்று நினைத்தது பெண். கூடவே மூன்று குட்டிகள். தாயைக் கொலராடோவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பினார்கள். வீடு புகும் வித்தையை மறந்து காட்டுக்குத் திரும்பும் என்ற நம்பிக்கையில் குட்டிகளைத் தனியே ஒரு மறுவாழ்வு மையத்தில் விட்டார்கள்.