குளியலறைச் சுவரில் இருப்பது அந்துப்பூச்சியா, நுளம்பா?

ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடி வீடுகளில் புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் பலர் குளியலறைச் சுவரில் ஒரு சின்னஞ்சிறு சாம்பல் நிறப் பூச்சியைக் கண்டிருப்பீர்கள். 2 முதல் 4 மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். உடலெல்லாம் மயிர். தட்டினால் தூளாகிவிடும். "அந்துப்பூச்சி, கூறைச் சேலையை அரித்துவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். "நுளம்பு, மலேரியா வரும்" என்று வேறு சிலர் காசு கொடுத்து மருந்து வாங்கி அடிக்கிறார்கள். இரண்டுக்கும் தேவையில்லை.

நோர்வேஜியர் இதனை 'சொம்மர்ஃபுல்மிக்' என்பார்கள். வண்ணத்துப்பூச்சி நுளம்பு என்று பொருள். பெயரே குழப்பமானதுதான். ஆனால் இறகை எண்ணிப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்துப்பூச்சிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் நான்கு இறகுகள், அவற்றின் மேல் செதில்கள். இவை 'லெப்பிடொப்டெரா' என்னும் வரிசை. நுளம்பு, கொசு, இலையான் மூன்றையும் ஊரில் நாம் வேறுவேறாகச் சொன்னாலும் மூன்றுக்கும் இறகு இரண்டுதான். பின்னிறகுகள் சிறு குமிழ்களாகிப் பறக்கும்போது சமநிலை காக்கின்றன. இவை 'டிப்டெரா' வரிசை. நமது குளியலறைப் பூச்சியும் இந்த வரிசையைச் சேர்ந்ததே.

இக்கூட்டத்தில் ஒன்றுக்கு அயல்நாடான சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1758இல் 'டிப்பூலா ஃபலேனோய்டெஸ்' என்று பெயரிட்டார். 'அந்துப்பூச்சி போன்றது' என்பது அதன் கருத்து. தோற்றத்துக்காக அப்படிப் பெயர் வைத்தாலும் அதை இரண்டிறகுப் பூச்சிகளோடுதான் சேர்த்தார். 1796இல் பிரெஞ்சு அறிஞர் லத்ரேய் 'சைக்கோடா' என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். இன்று முழுக் குடும்பத்துக்கும் பெயர் 'சைக்கோடிடே'. ஆகவே, "வெளிநாட்டுக்காரர் வந்த பிறகுதான் இந்தப் பூச்சியும் வந்தது" என்று படிக்கட்டில் யாராவது முணுமுணுத்தால் தலைகுனிய வேண்டாம். நாம் வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது இந்தப் பக்கத்து நூலில் ஏறிவிட்டது.

இங்குள்ள குளியலறைப் பூச்சி கடிக்காது, துணியையும் தின்னாது. ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த மணல் ஈ இரத்தம் குடிக்கும். இலங்கையில் தோலில் புண் உண்டாக்கும் லெய்ஷ்மேனியா நோயை அதுவே பரப்புகிறது. அந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி பற்றி 1992இல் அறிவிக்கப்பட்டது. ஊருக்குப் போய் வந்த பின் வலியில்லாத புண் ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தால், எங்கே போய் வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி வீட்டு வேலை. இப்பூச்சியின் புழு, நிலத்து வடிகானில் படியும் வழுவழுப்பைத் தின்று வளர்கிறது. பறப்பதற்கு மட்டும் மருந்தடித்தால் புழு உள்ளேயே இருக்கும். 'ஸ்லுக்' என்று இங்கே சொல்லும் அந்த வடிகானின் மூடியைத் தூக்கி, உள்ளே சிக்கிய தலைமயிரை எடுத்து, தூரிகையால் நன்றாக உரஞ்சிச் சுடுநீர் ஊற்றுங்கள். வாரம் ஒரு தடவை செய்தால் போதும். அப்படியும் சில கிழமைகளில் குறையாவிட்டால் தரைக்குக் கீழே நீர் கசியக்கூடும். அப்போது கட்டடப் பராமரிப்பாளரிடம் உடனே அறிவியுங்கள்.